பச்சை விளக்கு எரியாத பிள்ளை

ஆன்மாவைக் கண்டுபிடிக்க ஒரு பச்சை பல்பு போதும் என்று டாக்டர் பேராச்சி முடிவுசெய்தது, சமய ஒப்புதல் குழுவின் ஐந்தாவது கூட்டமும் கேசரி, வடை, காபியோடு இனிதே நிறைவுற்ற நாளில்தான்.

திருநெல்வேலியில் ஓட்டுநர் இல்லாத பேருந்துகள் வந்து, அவற்றின் முன்னாலும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்த காலம் அது. பாளையங்கோட்டையைத் தாண்டி ஒரு பொட்டலில் பேராச்சியின் ஆய்வுக்கூடம் இருந்தது. வெளிநாட்டில் நல்ல வேலையில் இருந்தவள், ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்து வசமாக மாட்டிக்கொண்டாள். அவள் கையில் ஒரு வைத்தியம் இருந்தது. குழந்தைப்பேறு மையங்களில் தம்பதிகளுக்காகக் கரு உண்டாக்குவார்கள் அல்லவா? பிள்ளை பிறந்த பிறகு மிச்சமாகிப்போன கருக்கள், கடுகைவிடச் சிறியவை, குளிர்பெட்டியில் வருஷக்கணக்காகக் கிடந்துவிட்டுக் குப்பைக்குப் போகும். குப்பைக்குப் போனால் யார் மனமும் புண்படாது. அதிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து ஒரு பிள்ளையைப் பிழைக்கவைக்கிறேன் என்றால்தான் புண்படும்.

அப்படிப் புண்படுகிறவர்களுக்காக அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. மூன்று சமயத்துக்கு மூன்று பேர். மூவரும் ஒருமனதாகச் சரி என்றால்தான் ஒரு கருவைத் தொடலாம். அதுவரை அவர்கள் ஒருமனதாக ஒப்புக்கொண்ட விஷயம், கேசரியில் முந்திரி குறைவு என்பது மட்டும்தான்.

அருட்தந்தை இஞ்ஞாசி மெலிந்த மனிதர், குரலும் மெலிசு. ஐந்து கூட்டத்திலும் அவர் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார். "கரு உண்டான நொடியிலேர்ந்து அது உயிர்தாம்மா. சின்னதா இருக்குங்கிறதுக்காக உயிர் இல்லன்னு ஆயிருமா? உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. என் மனசாட்சி ஒத்துக்க மாட்டேங்குது." அவர்மேல் பேராச்சிக்கும் கோபம் வரவில்லை. எதை எதிர்க்கிறோம் என்றாவது தெரிந்து எதிர்க்கிறாரே.

ஹஜ்ரத் மைதீன் பிச்சை மேலப்பாளையத்துக்காரர். ஜமாத்தில் சொத்துத் தகராறும் பாகப்பிரிவினையும் தீர்த்தே தாடி நரைத்தவர். "நாலு மாசம் ஆகாத கருவுல ரூஹு, அதான் உயிரு, ஊதப்படலன்னு எங்க ஆலிம்கள் நெறைய பேரு சொல்லுறாங்கம்மா. நோய் தீக்கத்தானே கேக்குறீங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா விதியில ஒருமனதான்னு போட்டுருக்கே. மத்த ரெண்டு பேரையும் கேளுங்க" என்பார்.

மூன்றாமவர் ஆன்மிகச் சொற்பொழிவாளர் தாணுமூர்த்தி. உண்மையில் அவர் பாடுதான் திண்டாட்டம். இந்த விஷயத்தில் தம் சமயம் என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியாது. கேட்டுச் சொல்லத் தலைமையகம் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் பாதிரியார் கரு உண்டான நொடியிலிருந்து என்கிறாரே, நாம் அவருக்குப் பின்னால் நிற்பதாவது?

"நாங்க அதுக்கும் முன்னாலம்மா" என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஆன்மாவானது மழையாக விழுந்து, பயிருக்குள்ளே புகுந்து, அரிசியாகி, சோறாகி, அதன் பிறகுதான் தகப்பன் வழியாத் தாய்கிட்ட வருது. சாஸ்திரத்துலயே இருக்கு."

"அப்ப சோத்துலயே ஆன்மா இருக்கா ஐயா?" என்று கேட்டாள் பேராச்சி.

"சந்தேகமென்ன?"

"மத்தியானம் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டீங்களே."

"அது வேற" என்றார் தாணுமூர்த்தி. எது வேறு என்று சொல்வதற்குள் காபி வந்துவிட்டது.

அவருக்கும் சர்க்கரை நோய்க்கும் வெகுகாலச் சிநேகிதம். காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பார், கேசரியை மறுபடி கேட்டு வாங்குவார். கூட்டம் முடிந்து எழுந்து போகும்போது அவருடைய ஒரு கால் செருப்பு மேசைக்கடியிலேயே கிடக்கும். கழன்றது தெரியாமல் கம்பீரமாக நடந்து போவார். யாராவது அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். ஐந்தாவது கூட்டத்தன்று ஓடியது பேராச்சி. செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "கருவுல ஆன்மா இல்லைன்னு நிரூபிச்சுக் காட்டுங்க டாக்டர். நாளைக்கே சம்மதிக்கிறேன்."

சொல்லிவிட்டு, பெரிய நகைச்சுவை சொன்னவர் மாதிரி சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

வராந்தாவில் பிரம்மசக்தி காத்திருந்தாள். வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். மடியில் அவளுடைய மகள் இதழினி, நான்கு வயது. முதல் கூட்டத்தன்று இந்தப் பிள்ளை அம்மா விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, "ஆச்சி டாக்டர், எனக்கு ஊசி போடுவியா?" என்று கேட்டது. குழு ஒவ்வொரு முறை ஒத்திவைத்தபோதும் பிள்ளையிடமிருந்து ஏதோ ஒன்று போனது. முதலில் நடை போனது. அப்புறம் கைப்பிடி, அப்புறம் பேச்சு. இப்போது கண்ணை மட்டும் மெதுவாகத் திருப்பிப் பார்க்கிறது.

"ஒயருக்கு மேல ஒரு ரப்பர் உறை இருக்கும்லா சக்தி, அது மாதிரி நரம்புக்கும் ஒரு உறை உண்டு" என்று பேராச்சி முன்பே அவளுக்கு விளக்கியிருந்தாள். "இவளுக்கு அது பிறவியிலேயே சரியா அமையல, உருகிட்டே வருது. உறை போனா ஒயர்ல கரண்டு போகாது. லட்சத்துல ஒரு பிள்ளைக்கு வரும். அந்த உறைய மறுபடி நெய்யுற செல்லை நான் வளத்துருவேன்."

இன்றைக்குப் பிரம்மசக்தி முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "இந்தத் தடவயும் இல்லயா டாக்டர்?"

"அடுத்த மாசம் பாக்கலாங்காங்க."

"அடுத்த மாசம் வரைக்கும் இவளுக்கு முழுங்கத் தெரியணுமே" என்றாள் பிரம்மசக்தி.

 பேராச்சி விறுவிறுவென்று உள்ளே போனாள்.

ஆய்வுக்கூடத்தில் நரம்பைச் சோதிக்கிற கருவி ஒன்று இருந்தது. தோல் வழியாக நரம்பில் லேசாக ஒரு தட்டு தட்டும், பதில் வருகிறதா என்று பார்க்கும். அவ்வளவுதான் அதன் வேலை. பேராச்சி அதைக் கழற்றி ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் வைத்தாள். மேலே கை வைக்க ஒரு செப்புத் தகடு, பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம், நடுவில் பச்சை பல்பு. நரம்பு பதில் சொன்னால் பல்பு எரியும். நரம்பே முளைக்காத கருவிலிருந்து என்ன பதில் வரும்? எரியாது. பெட்டிக்கு ஆன்மமானி என்று பெயர் வைத்தபோது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் இதழினியின் தொண்டையை நினைத்ததும் கூச்சம் போய்விட்டது.

ஆறாவது கூட்டத்தில் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"ஆன்மாவ ஒரு பொட்டிக்குள்ள அளந்துர முடியுமாம்மா?" என்று கேட்டார் இஞ்ஞாசி.

"அளக்காது ஃபாதர். இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லும்."

பாதிரியார் கை வைத்தார், பச்சை எரிந்தது. ஹஜ்ரத் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைத்தார், எரிந்தது. தாணுமூர்த்தி மோதிரங்களைக் கழற்றி, கண்களை மூடி, ஏதோ முணுமுணுத்துக் கை வைத்தார். பல்பு யோசித்தது. ஒரு கொட்டாவி விடுகிற நேரம் கழித்து மங்கலாக எரிந்தது.

அவர் முகம் விழுந்துவிட்டது. "அவங்க ரெண்டு பேருக்கும் பளிச்சுன்னு எரிஞ்சுதே டாக்டர்?"

"ஞானிகளுக்கு நிதானமாத்தான் எரியும் ஐயா" என்றாள் பேராச்சி, சற்றும் யோசிக்காமல்.

முகம் மறுபடி நிமிர்ந்தது. அடுத்து கிண்ணத்தில் கருவை வைத்தாள். பல்பு எரியவில்லை. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். எவ்வளவு நேரம் பார்த்தாலும் எரியவில்லை. "அடடா, அடடா!" என்றார் தாணுமூர்த்தி. விஞ்ஞானம் கடைசியில் ஆன்மாவிடம் மண்டியிட்டது என்று அன்றே ஒரு சொற்பொழிவுக்குத் தலைப்பும் யோசித்துவிட்டார்.

இஞ்ஞாசி மட்டும் எழுந்தார். "எனக்கு இந்த லைட்டு தேவைப்படலம்மா. நான் நம்புறது நம்புறதுதான்" என்று வெளியே போனார். வராந்தாவில் இதழினி கிடந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர், அவள் தலையில் கை வைத்தபடி அப்படியே இருந்துவிட்டார். உள்ளே திரும்பி வரவேயில்லை.

"ஒருமனதா இருக்கணும்னுதானே விதி?" என்றார் ஹஜ்ரத், மேசையை விரலால் தட்டிக்கொண்டு. "உள்ள இருக்கிறவங்க ஒருமனதா இருக்கோம். வெளிய போனவரு வேண்டாம்னும் சொல்லலையே."

தீர்மானத்தைத் தாணுமூர்த்தியே அழகு தமிழில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள்: எதில் பச்சை எரியவில்லையோ அது வெறும் பொருள். பொருளைப் பற்றி இக்குழுவுக்கு அக்கறை இல்லை. ஆய்வுக்கூடம் அதைத் தன் விருப்பம்போல் கையாளலாம்.

செல் வளர்ந்து பக்குவமாக மாதக்கணக்கில் ஆகும். முதலில் வளர்ந்தது வேறு மூன்று பிள்ளைகளுக்குப் பொருந்தியது. சிவகிரியிலிருந்து வந்த ஒரு பயல் ஊசி போட்டுச் சில மாதத்தில் ஆய்வுக்கூடத்துச் சுவரெல்லாம் கிறுக்கிவைத்தான். பேராச்சி அதை அழிக்க விடவில்லை. இதழினிக்குப் பொருந்திய செல் மட்டும் மெதுவாக வளர்கிற ரகமாகப் போய்விட்டது. "வருது சக்தி, வந்துட்டே இருக்கு" என்று சொல்லிச் சொல்லி பேராச்சிக்கு வாய் வலித்தது.

அதற்குள் பெட்டி ஊரைச் சுற்றக் கிளம்பிவிட்டது. அரசாங்கமே ஆன்மமானிகளைச் செய்து, முத்திரை வைத்து, யாரும் பிரிக்க முடியாதபடி பூட்டி, எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பியது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் கையை வைத்துப் பார்த்தார்கள். தேர்தலில் நின்றவர்கள் பச்சை விளக்கோடு சுவரொட்டி அடித்தார்கள். எதிர்க்கட்சிக்காரருக்கு எரிந்தது பொய் என்று ஒரு வழக்குக்கூட நடந்தது. பேராச்சி முதலில் சிரித்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், நினைவில்லாமல் கிடக்கிற பெரியவர்கள் கையை அதில் வைத்துப் பார்த்துவிட்டு, "கிளம்பிட்டாங்க, குழாயைக் கழட்டுங்க" என்று சொந்தக்காரர்கள் சொல்லத் தொடங்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது.

தாணுமூர்த்தி இப்போது ஆன்மமானியின் அதிகாரபூர்வமற்ற பூசாரி. எந்தக் கருவி தன்னை ஞானி என்று சொல்லியதோ அதை அவர் விட்டுவிடுவாரா? குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு புது விதி கொண்டுவந்தார். கருவின் அணு புனிதமானது. அதை ஆன்மா இல்லாத உடலில் செலுத்தி விரயமாக்கக் கூடாது. ஆகவே, ஊசிக்கு முன்னால் நோயாளிக்குப் பச்சை எரிய வேண்டும்.

"கரு வெறும் பொருள்னீங்களே ஐயா, இப்ப புனிதமாயிட்டுதா?" என்று ஹஜ்ரத் கேட்டார்.

"பொருளிலும் புனிதமான பொருள் உண்டல்லவா?" என்றார் அவர்.  விதி வந்துவிட்டது.

இதழினியின் செல் தயாரானது அதற்கு அடுத்த வாரம்.

 பெட்டியைச் செய்தவளுக்குத் தெரியாதா? நரம்பு பதில் சொன்னால்தான் விளக்கு. இந்தப் பிள்ளையின் நோயே நரம்பு பதில் சொல்லாததுதான். எந்த நோயின் வைத்தியத்துக்கு வழி திறக்கப் பெட்டி செய்தாளோ, அந்த நோய்க்காரப் பிள்ளைக்கு மட்டும் அது எரியாது.

மூவர் முன்னிலையில் பிரம்மசக்தி மகளின் கையைத் தகட்டில் வைத்தாள். பல்பு எரியவில்லை. கையை எடுத்து, தன் சேலையில் துடைத்து, சூடு பறக்கத் தேய்த்து, மறுபடி வைத்தாள். எரியவில்லை. 

"வருத்தப்படாதேம்மா" என்றார் தாணுமூர்த்தி. குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அதுதான் கொடுமை. "ஆன்மா முன்கூட்டியே கிளம்பியிருக்கும். நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கும்."

"அப்ப இது யாரு?" என்று கேட்டாள் பிரம்மசக்தி. "காலையில நான் பல்லு வெளக்கிவிட்டேன். எம் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. எம் மடியில கெடக்குறது யாரு சாமி?"

 இஞ்ஞாசி தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு இந்தப் பிள்ளைட்ட ஆன்மா தெரியுது" என்றார். குழுவின் விதிப்படி, தெரிவது கணக்கில் வராது, எரிவதுதான் வரும்.

பேராச்சி அன்று மதியம் ஒரு முடிவுக்கு வந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது. சொன்னால் ஜெயில் நிச்சயம், வேலை போகும், அனுமதி ரத்தாகும். வரிசையில் நிற்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் வழி அடைபடும். ஆனால் இந்தப் பிள்ளையைப் பிணம் என்று சொல்லிய பெட்டி அவள் கையால் செய்த பெட்டி. ஊசி குத்துமுன் தோல் மரத்துப்போக அடிக்கிற மருந்தை எடுத்துத் தன் உள்ளங்கையில் நன்றாக அடித்துக்கொண்டு குழுவின் முன்னால் போய் நின்றாள்.

"பெட்டி பொய்" என்றாள். "ஆன்மாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நரம்பு பதில் சொல்லுதான்னு பாக்குற கருவி அது. உங்ககிட்ட அனுமதி வாங்குறதுக்காக நான் செஞ்ச ஏமாத்து வேலை. நம்பலைன்னா பாருங்க, கை மரத்துப்போனா எனக்கே எரியாது."

கையை வைத்தாள். பல்பு எரியவில்லை.

 தாணுமூர்த்தி மெல்ல நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். அவர் கண்ணில் தெரிந்தது ஆத்திரம் இல்லை, பயம்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்றார். "ஆன்மா இல்லாதவங்க. அதான் இப்படிப் பேசுறாங்க."

"ஐயா, நான் சொல்றது புரியுதா? மருந்து அடிச்சிருக்கேன்!"

"ஆன்மா இருக்கிறவங்க கருவிய மருந்தடிச்சு ஏமாத்துவாங்களாம்மா?"

  ஆன்மா இல்லாத ஒருவர் ஆய்வுக்கூடத்தின் தலைமையில் நீடிக்கலாமா என்று கேள்வி எழுந்தது. தாணுமூர்த்தியே பெருந்தன்மையாக அதைத் தீர்த்துவைத்தார். "விஞ்ஞானிதானே, பரவாயில்லை."

வராந்தாவில் அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஹஜ்ரத் பின்னாலேயே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏம்மா, படிச்ச பிள்ள இப்பிடியா பண்ணுறது? இவ்வளவு நாளு பழகியும் உங்களுக்குக் குழுவோட போக்கு பிடிபடலையே" என்றார். "முத தீர்மானம் ஞாபகம் இருக்கா? எதுல பச்சை எரியலையோ அது என்ன?"

"பொருள்."

"பொருளப் பத்திக் குழுவுக்கு?"

"அக்கறை இல்லை" என்றாள் பேராச்சி. 

"பொருள ஆய்வுக்கூடம் எப்பிடி வேணும்னாலும் கையாளலாம். செல்லை நோயாளிக்குப் போடத்தான் பச்சை எரியணும். ஒரு பொருளோட இன்னொரு பொருளச் சேக்குறதுக்கு யார்கிட்டம்மா கேக்கணும்? நான் ஒண்ணும் சொல்லல. அஸர் தொழுகைக்கு நேரமாச்சு, வாரேன்."

வழி கிடைத்துவிட்டது. அதைப் பிரம்மசக்தியிடம் எப்படிச் சொல்வது? ஆய்வுக்கூடத்து வழக்கப்படி உள்ளே வருகிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டு உண்டு. குளிர்பெட்டிக்கும் உண்டு, நாற்காலிக்கும் உண்டு. இதழினியும் அப்படித்தான் உள்ளே வர முடியும். ஆய்வுக்கூடத்துக் கணக்கில் அவள் பிள்ளை இல்லை, நோயாளி இல்லை. பேராச்சி தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

பிரம்மசக்தி சீட்டைப் பார்த்தாள். "பொருளுன்னா பொருளுன்னே இருக்கட்டும் டாக்டர். மூச்சு விட்டாப் போதும்" என்றாள். சீட்டை வாங்கிப் பிள்ளையின் நெற்றிக்குக் கொண்டுபோனவள், அதைத் திருப்பிக் கட்டில் கம்பியில் ஒட்டினாள். அப்புறம்தான் அழுதாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

குளிர்பெட்டிகளுக்கு நடுவில் கட்டில் போட்டு, பேராச்சி இதழினியின் உடம்புக்குள் செல்லைச் செலுத்தினாள். வெளியாட்கள் ஆய்வுக்கூடத்துக்குள் வரக் கூடாது என்பதால், பொருளைப் பராமரிக்கும் ஆளாகப் பிரம்மசக்தியை வேலைக்கு வைத்தாள். பொருளுக்குப் பால் வாங்கினார்கள், ரவைக் கஞ்சி காய்ச்சினார்கள். பொருள் கெட்டுப்போகாமல் இருக்கப் பலூன் வேண்டும் என்று பேராச்சி எழுதிக் கொடுத்ததை மேலதிகாரி ஒருவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் அனுமதித்தார். பிள்ளைகள் விஷயத்தில் காட்டாத வேகம் அது.

முதலில் தொண்டை திரும்பியது. கஞ்சி இறங்கியது. பிறகு ஒருநாள், பிரம்மசக்தி கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கும்போது கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"ஆச்சி டாக்டர் எங்க?"

பேராச்சி வந்து பார்த்தபோது விளக்குமாறு ஒரு பக்கம், பிரம்மசக்தி ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பேசுதே என்று சொல்ல வாயெடுத்தால், அவளுக்குத்தான் பேச்சு வரவில்லை.

நடை வர ஒரு வருஷம் பிடித்தது. நடை வந்த கையோடு குழுவிடமிருந்து செய்தியும் வந்தது. ஆன்மா இல்லாத பொருள் ஒன்று நடப்பதாகவும் பேசுவதாகவும் கேள்விப்பட்டு, நேரில் சோதிக்க வருகிறார்கள்.

"இப்ப எம்புள்ளைக்குப் பச்ச எரியும்லா டாக்டர்?" என்று கேட்டாள் பிரம்மசக்தி. முகம் அப்படி மலர்ந்திருந்தது. "அந்தாளு மூஞ்சிக்கு நேரா எரியட்டும்!"

பேராச்சி அவளை உட்காரவைத்தாள். "எரியும் சக்தி. நல்லாவே எரியும். எரிஞ்சா என்ன கேப்பாங்க தெரியுமா? ஆன்மா இல்லாத உடம்புக்கு ஆன்மா எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. கருவோட செல்லுலேர்ந்துதான் வந்துருக்கணும். அப்ப கருவுக்கு ஆன்மா இருக்கு. அதத் தொடக் கூடாது. அன்னைக்கே எல்லாத்தையும் இழுத்து மூடிருவாங்க."

"பொட்டி பொய்யின்னு சொல்லுங்களேன்."

"சொன்னேனே. நீயும் பாத்துட்டுத்தானே இருந்த."

பிரம்மசக்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வராந்தாவில் மடியிலும் தோளிலும் பிள்ளைகளைப் போட்டுக்கொண்டு தாய்மார்கள் மஞ்சள் சீட்டுக்காக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காலத்தில் அவள் உட்கார்ந்த அதே இடம்.

"எம்புள்ளைக்கு ஆன்மா இல்லன்னே இருந்துட்டுப் போகுது" என்றாள். "அந்த மருந்த எடுங்க டாக்டர்."

மருந்து சில்லென்று இருந்ததாம், இதழினி கெக்கேபிக்கே என்று சிரித்தாள். "கை எங்கயோ போயிட்டு ஆச்சி டாக்டர்!" என்று விரல்களை ஆட்டிக் காட்டினாள். தானே நடந்து கூடத்துக்குள் போனாள், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாருடைய விரலையும் பிடிக்காமல்.

மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியில் ஏறி நின்று அவள் பெட்டியில் கை வைத்தாள். பல்பு எரியவில்லை. மருந்து நெடி லேசாக அடித்தது. இஞ்ஞாசி மூக்கை உறிஞ்சினார், பேராச்சியை ஒருமுறை பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு ஏதோ ஓதினார்.

தாணுமூர்த்தி நிம்மதியாக மூச்சு விட்டார். இந்த இரண்டு வருஷத்தில் அவர் தளர்ந்திருந்தார். காலில் ஒரு ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது. கேசரி மட்டும் குறையவில்லை. குனிந்து பிள்ளையைப் பார்த்தார்.

"உன் பேர் என்ன?"

"இதழினி. ஒன்னாப்பு போகப்போறேன். ஒங்க செருப்பு அங்கன கெடக்கு பாருங்க."

அவர் மற்றவர்களிடம் திரும்பி வியந்து சொன்னார்: "எப்படிப் பேசுது பார்த்தீங்களா? அசல் பிள்ளை மாதிரியே!"

பிரம்மசக்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தாத்தா, ஒங்களுக்கு எரியுமா?" என்று கேட்டாள் இதழினி.

"எனக்கா?" அவர் சிரித்தார். எத்தனை மேடையில் எரியவைத்த கை! பெட்டியில் வைத்துத்தான் நாளாகிவிட்டது. மோதிரங்களைக் கழற்றி, கண்களை மூடி, முணுமுணுத்து, கையைத் தகட்டில் வைத்தார். "எனக்குக் கொஞ்சம் நிதானமாத்தான் எரியும்மா. ஞானிகளுக்கு அப்படித்தான்."

எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். கையை அழுத்தி வைத்தார். மறு கையை வைத்தார். சர்க்கரை வருஷக்கணக்காகக் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்று தீர்த்த நரம்பு, பதில் சொல்லவில்லை.  பேராச்சியை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் காத்திருந்தவள், அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுச் சிரிக்க முடியாமல் நின்றாள்.

இதழினி நாற்காலியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் போனாள். தன் மரத்த கையால் அவருடைய மரத்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க தாத்தா" என்றாள். "எனக்கும்தான் எரியாது. ஒண்ணும் ஆகாது. எங்கம்மா சோறு போடுவா, வெளையாட விடுவா, எல்லாம் செய்யலாம்."